பழைய பொம்மைக்குப் புது முடி, புது முகம்: அப்புறம் மிச்சம் என்ன?

ஜனவரி 11, ஒரு வாசகர் கேட்டது

"சின்ன வயதில் விளையாடிய பார்பி அளவுப் பொம்மை ஒன்று என்னிடம் இருக்கிறது. முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது, ஒரு பக்கம் யாரோ கத்திரி வைத்திருக்கிறார்கள், ஒரு கண்ணில் பாதிச் சாயம் இல்லை. பழைய முடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடலாம், முகத்தை அழித்துத் திரும்ப வரையலாம் என்கிறார்கள். படங்களும் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் முடியும் போய் முகமும் போனால் அந்தப் பொம்மையில் மிச்சம் என்ன? இது சீர் செய்வது இல்லை, கெடுப்பது. இதுதான் என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்."

ஜனவரி 11, இரவு

மறுக்கிறேன். நார் முடியும் அரைக் கண்ணுமாக டப்பாவுக்குள் கிடப்பதில் என்ன பெருமை? அந்த முகத்தை எந்த ஓவியரும் உட்கார்ந்து வரையவில்லை. தொழிற்சாலையில் அச்சு வைத்துச் சாயம் அடித்தது, அதே முகத்தோடு எத்தனையோ பொம்மைகள் அன்றைக்கே பெட்டிக்குள் போயிருக்கும். அதை அழித்துவிட்டு ஒருத்தர் கையால் வரைந்தால்தான் அது தனி ஆள் ஆகிறது. இதில் கெடுப்பது எங்கே வந்தது?

ஒரே ஒரு விதிவிலக்கு. பார்பி முதலில் வந்தது 1959-ல். அப்போதிலிருந்து 60களின் நடுப்பகுதி வரை வந்த பொம்மை உங்களிடம் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். சேகரிப்பவர்கள் அதன் தொழிற்சாலைச் சாயத்தைத்தான் தேடுகிறார்கள், உதட்டில் ஒரு சின்னத் திருத்தம் செய்தாலே மதிப்பு இறங்கிவிடும். ஆனால் முதுகிலோ இடுப்பிலோ பொறித்திருக்கும் ஆண்டைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். 1966 என்று இருக்கும், பொம்மை 90களில் செய்ததாக இருக்கும். அது அந்த உடல் அச்சுக்கு உரிமை பதிந்த ஆண்டு, பொம்மை பிறந்த ஆண்டு இல்லை. "அறுபதுகளின் பொம்மை கிடைத்தது" என்று குதித்துவிட்டு அப்புறம் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஜனவரி 12

நேற்று எழுதியதில் நேராக மொட்டை அடித்துப் புது முடி நடும் கட்சிக்கே போய்விட்டேன். அது அவசரம். முதலில் கழுவிப் பாருங்கள். செத்துப்போன முடி என்று கொண்டுவருவதில் பாதிக்குப் பாதி அழுக்கும் சிக்கும்தான். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு அலசுங்கள், அப்புறம் நாம் தலைக்குப் போடும் கண்டிஷனரை அள்ளிப் பூசி அரை மணி நேரம் விடுங்கள், பிறகு உலோகப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல் நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுங்கள். மேலிருந்து இழுத்தால் கொத்தோடு வந்துவிடும். கடைசியில் வெந்நீரை ஊற்றிச் சீவி அப்படியே காயவிட்டால் சுருண்டு கிடந்தது நேராகப் படிந்து நிற்கும்.

ஜனவரி 12, மதியம்

வெந்நீர் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னது தப்பு. முடி எந்த நார் என்று தெரியாமல் சூடு வைக்கக் கூடாது.

பழைய பொம்மைகளில் பெரும்பாலும் சாரன். கனமாகத் தொங்கும், பளபளக்கும், வெந்நீருக்குப் படியும். நைலான் அதைவிட மென்மை, நிறங்களும் நிறையக் கிடைக்கும். கனேகலான் நாம் வைத்துக்கொள்ளும் சவுரி, விக் எல்லாவற்றிலும் இருப்பது. புசுபுசுவென்று இருக்கும், ஸ்ட்ராவில் சுற்றிக் கொதிநீர் ஊற்றினால் சுருள் நன்றாக நிற்கும். பிரச்சினை பாலிபுரோப்பிலீன். மலிவுப் பொம்மைகளில் வருவது, தொட்டாலே வறவறவென்று இருக்கும், என்ன செய்தாலும் படியாது, சூடு கொஞ்சம் கூடினாலும் சுருங்கிவிடும். சந்தேகம் இருந்தால் பிடரியில் வெளியே தெரியாத இடத்தில் ஒரே ஒரு இழையை வெட்டி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சுருங்கினால் தலையைப் போடாதீர்கள்.

முடியை நேராக்கும் மின்சாரக் கருவியைப் பற்றிக் கேட்டார்கள். ஒருமுறை வைத்தேன். பொம்மையின் முடி கருவியிலேயே ஒட்டிக்கொண்டது, கருவியை எடுத்தபோது முடியும் கூடவே வந்தது. அவ்வளவுதான் அந்தக் கதை.

ஜனவரி 19

பேச்சோடு நிற்காமல் ஒன்றைச் செய்தே காட்டிவிடலாம். அக்கா வீடு மாறும்போது பழைய பெட்டியில் அவளுடைய பொம்மை கிடைத்ததாம், கொண்டுவந்து கொடுத்தாள். "முடியைப் பார்க்கச் சகிக்கலைடா, என்னமோ பண்ணு" என்றாள். 80களின் கடைசியில் வந்தது. மஞ்சள் முடி பழுப்பாகிவிட்டது, நெற்றிமுடியை அவளே அந்தக் காலத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டி வைத்திருக்கிறாள், இமைச் சாயம் உதிர்ந்திருக்கிறது, தாடையில் இடது பக்கம் நீலப் பேனா மை கடுகளவுக்கு ஊறியிருக்கிறது. இதற்கு மேல் கெட என்ன இருக்கிறது என்று கேள்வி கேட்டவரை நினைத்துக்கொண்டேன்.

முதல் வேலை தலையைக் கழற்றுவது. இதில்தான் பலர் கழுத்தை உடைக்கிறார்கள். தலை மென்மையான வினைல், கழுத்தின் உச்சியில் இருக்கும் கொண்டை கெட்டிப் பிளாஸ்டிக். குளிர்ந்த தலையைப் பிடித்து இழுத்தால் ஒன்று தலையின் ஓட்டை கிழியும், இல்லை கொண்டையின் முனை ஒடியும். கொண்டை ஒடிந்தால் அப்புறம் ஆயுளுக்கும் தலை லொடலொடதான். கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான நீரில் தலையை மட்டும் 2 நிமிடம் முக்கி வைத்தேன். ரப்பர் பந்து மாதிரி இளகியது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் அமுக்கி, முன்னும் பின்னும் அசைத்து, மெதுவாக மேலே தூக்கினால் 'ப்ளக்' என்று வரும். அந்தச் சத்தம் ஒரு தனிச் சுகம்.

அப்புறம் மொட்டை. முடியை ஒட்ட வெட்டிவிட்டு, கழுத்து ஓட்டை வழியாக இடுக்கியை விட்டு உள்ளேயிருந்து வேரோடு பிடித்து இழுக்க வேண்டும். வெளியே இருந்து பிடுங்கினால் துளைகள் பெரிதாகிவிடும். உள்ளே பழைய பசை மஞ்சள் பூத்துப் பாளம் பாளமாக இருந்தது. ஒன்றரை மணி நேரம். கடைசியில் மேஜை மேல் தலை தனியே, உடல் தனியே, ஒரு குப்பை மயிர் தனியே. சின்னவள் உள்ளே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஜனவரி 20

தலையில் துளைகளை எண்ணினேன். 380 சொச்சம். எண்ணியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 1

முகத்தை அழித்தாயிற்று. முழு அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து ஒரே துடைப்பு, கண் போய்விட்டது. 30 வருடத்துக்கு மேல் அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்த கண் பஞ்சில் நீலமாக ஒட்டிக்கொண்டு வந்தது. உதடு மட்டும் இரண்டாவது பஞ்சு கேட்டது.

ஒரு எச்சரிக்கை, இதைப் பெரிய எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்: அசிட்டோன் மென்மையான வினைல் தலைக்கு மட்டும். அதிலும் ஊற வைக்காமல் துடைத்து உடனே கழுவ வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக்குக்குக் காட்டவே கூடாது. பிளைத் மாதிரி பெரிய தலைப் பொம்மைகளுக்கு முகம் கெட்டிப் பிளாஸ்டிக், முடி நட்ட உச்சி மட்டும்தான் தனி வினைல். அந்த வகைப் போலி ஒன்றை முதன்முதலில் வாங்கிய உற்சாகத்தில் கன்னத்தில் அசிட்டோன் வைத்தேன். பஞ்சு கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் நூல் நூலாகக் கன்னம் வந்தது. அப்படிப்பட்ட முகத்தை நீர் விட்டு நைசான உப்புத்தாளால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அக்காவின் பொம்மையில் எல்லாம் போயிற்று, தாடைப் பேனா மை மட்டும் அசையவில்லை. சாயம் மேலே நிற்கும், மை வினைலுக்குள் இறங்கிவிடும். துடைக்கத் துடைக்க இன்னும் பரவும், அதனால் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 2

"பக்கவாட்டில் பார்க்கும் கண்" பற்றி ஒருவர் கேட்டதால் கொஞ்சம் ஊர்சுற்றிவிட்டு வருகிறேன். ஆரம்பத்தில் பார்பி நேராகப் பார்க்கவே பார்க்காது, ஓரக்கண்தான். நேர்ப் பார்வை வந்தது 1971-ல், மலிபு பார்பியில். அதற்கு முந்தைய முகத்தில் நேர்க் கண்ணை வரைந்தால் என்னவோ ஒட்டாமல் இருக்கும்.

பார்பியின் ஜோடியாக வந்த ஆண் பொம்மை கென் கதை இன்னும் வேடிக்கை. 1961-ல் வந்த முதல் கென்னுக்குத் தலையில் மெல்லிய பஞ்சுத்தூள் மாதிரி முடியை ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் பட்டால் கொட்டும். குளிப்பாட்டிய குழந்தைகள் எல்லாம் கென்னை வழுக்கையாக வெளியே எடுத்திருக்கிறார்கள். அடுத்த வருடமே தலையோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் முடிக்கு மாறிவிட்டார்கள். எதிர்ப்புறம் 1992-ல் வந்த டோட்டலி ஹேர் பார்பி: பொம்மை 11.5 அங்குலம், முடி 10.5 அங்குலம், 1 கோடிக்கு மேல் விற்றது. ஆக, பொம்மை வாங்குகிறவர்கள் முடியைத்தான் வாங்குகிறார்கள் என்பது என் சித்தாந்தம்.

பிப்ரவரி 3

பேனா மைக்கு வழி இருக்கிறது. முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு, 10 சதவீதம். பழைய பார்பிகளில் உலோகத் தோட்டின் செம்பு காதைச் சுற்றிப் பச்சையாக ஊறியிருக்கும், அதற்கு இதைப் போட்டு எடுக்கிறார்கள். பேனா மைக்கும் கேட்கும். கறை மேல் மட்டும் பூசி, காயாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாள் சுற்றி, வெளிச்சம் படும் இடத்தில் வைக்க வேண்டும். தினமும் கழுவி, பார்த்து, திரும்பப் பூச வேண்டும். முடி இருக்கும்போது செய்யாதீர்கள், முடியும் வெளுக்கும். மொட்டையாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும் என்பது எனக்குத் தற்செயலாக அமைந்த புத்திசாலித்தனம்.

பிப்ரவரி 24

21 நாள். போயே போய்விட்டது! சன்னலோரம் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. சுற்றிலும் வினைல் ஒரு நூல் வெளுத்திருக்கிறது, மேலே பாஸ்டல் வண்ணப் பொடி அடித்தால் அதுவும் தெரியாது. கெடுப்பது என்று சொன்னவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் இங்கே கொஞ்சம் நிற்கவும்.

மார்ச் 8

முடி நடுகை. முதலில் மொட்டைத் தலைக்கு முடியின் நிறத்திலேயே அக்ரிலிக் அடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் எத்தனை நெருக்கி நட்டாலும் வகிட்டில் தோல் நிறம் எட்டிப் பார்க்கும்.

ஊசிக்காதின் நுனியை வெட்டிவிட்டால் குட்டிக் கவை மாதிரி ஆகிவிடும். அதை ஒரு கைப்பிடியில் இறுக்கிக்கொள்ள வேண்டும். 15, 20 இழைகளை எடுத்து நடுவில் மடித்து, மடிப்பைக் கவையில் மாட்டி, துளைக்குள் குத்தி, கவையை மட்டும் உருவ வேண்டும். மடிப்பு உள்ளே நின்றுவிடும், இரண்டு முனையும் வெளியே. அடுத்த துளை. அடுத்த துளை. ஓரத்திலிருந்து ஆரம்பித்து நெற்றி விளிம்பு, பிடரி என்று சுற்றி வந்துவிட்டு உள்ளுக்குப் போகலாம். முகத்தைச் சுற்றி நெருக்கமாக, நடுவில் கொஞ்சம் தளர்வாக. தலை முழுவதும் ஒரே நெருக்கத்தில் நட்டால் முடி படியவே படியாது, சேவல் சிலிர்த்த மாதிரி நிற்கும்.

வகிடுதான் சோதனை. இரண்டு வரிசை ஒட்டி ஒட்டி நட வேண்டும், ஒரு கொத்து இடப்பக்கம் விழுந்தால் அடுத்தது வலப்பக்கம். வகிட்டுக்கு மட்டும் ஒரு முழுச் சாயங்காலம் போயிற்று. மொத்தம் 11 மணி நேரம், நாலு நாளில். முடி ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் வாங்கியிருந்தேன், கொஞ்சம் மிஞ்சியது. கட்டைவிரலில் ஊசி ஏறிய இடங்களை எண்ணவில்லை, துளை எண்ணியதிலேயே பாடம் படித்துவிட்டேன்.

மார்ச் 9

முக்கியமானதை விட்டுவிட்டேன். இந்த முறையில் முடிச்சு இல்லை, மடிப்பு மட்டும்தான், சீவினால் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். அதனால் நட்டு முடித்ததும் தலைக்குள் பசை ஊற்றிச் சுழற்றி ஒரு நாள் காயவிட வேண்டும். காய்ந்தாலும் வளைகிற துணிப் பசைதான் சரி. உடனே ஒட்டும் பசை உள்ளே கண்ணாடி மாதிரி இறுகி நொறுங்கும், வினைலிலும் வெள்ளை பூக்கும்.

பசையே வேண்டாம் என்கிறவர்களுக்கு முடிச்சு முறை இருக்கிறது. நீள ஊசியில் கொத்தைக் கோத்து, நுனியில் முடிச்சுப் போட்டு, கழுத்து ஓட்டை வழியாக உள்ளே விட்டு உச்சித் துளையில் வெளியே இழுப்பது. இழுத்தாலும் வராது. ஆனால் உள்ளிருந்து துளையைத் தேடுவதற்குள் கண் இருட்டிவிடும். குழந்தைகள் கைக்குப் போகிற பொம்மை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுங்கள். அலமாரிக்கு என்றால் பசை போதும்.

மார்ச் 22

முடியை வெந்நீரில் படிய வைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டிவிட்டு முகத்துக்கு வந்தேன். முதலில் முகம், அப்புறம் முடி என்று செய்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒத்துவராது, வரைந்த முகத்தைக் கையில் அமுக்கிக்கொண்டு 380 தடவை ஊசி குத்தினால் முகத்தில் என்ன மிஞ்சும்?

வினைல் வழவழப்பு. பென்சில் பிடிக்காது. அதற்காக மேட் சீலர், அதாவது பளபளப்பில்லாத காப்புப் பூச்சு அடிக்கிறோம். நான் பயன்படுத்துவது மிஸ்டர் சூப்பர் கிளியர் ஸ்ப்ரே. மெல்லிய படலமாக இரண்டு முறை அடித்தால் காகிதம் மாதிரிப் பிடிமானம் வரும். வீட்டுக்குள் அடிக்காதீர்கள், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமலும் அடிக்காதீர்கள். தூசிக்குப் போடும் துணி முகமூடியால் பிரயோஜனம் இல்லை, ஆவி நேராக உள்ளே போகும். எனக்கு ஒருமுறை தலை சுற்றியதும் விஷயம் புரிந்தது.

அப்புறம் பாஸ்டல் குச்சியைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி மென்மையான பிரஷ்ஷால் கன்னம், மூக்கு நுனி, இமை மடிப்பு, உதட்டுக்குக் கீழே நிழல். ஒரு சீலர். வாட்டர்கலர் பென்சிலால் கண்ணின் வெளிக்கோடு, வெளிர்ப் பழுப்பில்தான். கருப்பில் ஆரம்பித்தால் திருத்தவே முடியாது. பிடிக்காவிட்டால் ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிடலாம், அடியில் இருக்கும் படலம் அப்படியே நிற்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் சீலர் அடித்துக்கொண்டே போவது இதற்குத்தான், எங்கே சறுக்கினாலும் ஒரு படிதான் இறங்க வேண்டும். கடைசியில் நீர் விட்டு இளக்கிய அக்ரிலிக்கில் கருவிழி, இமை முடி.

கண்ணைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. வெள்ளை விழிக்கு வெள்ளை அடிக்காதீர்கள், தந்த நிறத்தில் ஒரு துளி சாம்பல், இல்லாவிட்டால் பேயைப் பார்த்து விழிக்கிற மாதிரி இருக்கும். கருவிழியின் மேல்பகுதி இமைக்குள் கொஞ்சம் ஒளிந்திருக்க வேண்டும், முழு வட்டம் தெரிந்தால் அதே பேய்தான். ஒரு கண்ணை முடித்துவிட்டு மறு கண்ணுக்குப் போகாதீர்கள். இதில் ஒரு கோடு, அதில் ஒரு கோடு என்று இரண்டையும் சேர்த்து நடத்திக்கொண்டு போங்கள். ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் விழ வேண்டும். தலையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் கோணல் உடனே தெரியும், கண்ணாடியில் பார்த்தாலும் தெரியும். இத்தனையும் தெரிந்தும் முதல் முறை பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகத்தான் முடிந்தது. இடது புருவம் மட்டும் எதையோ சந்தேகப்பட்டது. அழித்துவிட்டு இரண்டாம் முறை வரைந்தேன்.

மார்ச் 23

காலையில் பார்த்தால் முகம் முழுவதும் பனி மூடிய மாதிரி வெள்ளை. நேற்று மழை விட்ட கையோடு கடைசிப் படலம் அடித்தேன், காற்றில் ஈரப்பதம். காற்று காய்ந்திருக்கும் நாளில்தான் சீலர் அடிக்க வேண்டும் என்று இங்கே நூறு தடவை சொன்னவன் நான்தான். மறுபடி அசிட்டோன். மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 30

மூன்றாவது முகம். கண்ணுக்கும் உதட்டுக்கும் பளபளப்பு வார்னிஷ் ஒரு தொடுகை. கருநீலக் கண், கொஞ்சம் தூக்கக் கலக்கமான பார்வை, வலது கன்னத்தில் ஒரு பிடி சூரிய வெளிச்சம் பட்டது போலப் புள்ளிகள். தேன் நிற முடி. பெருமைக்குச் சொல்லவில்லை, இதுவரை நான் செய்ததில் இதுதான் உசத்தி. சரி, பெருமைக்குத்தான்.

ஏப்ரல் 6

அக்காவிடம் கொடுத்தேன். முடியைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்குடா" என்றாள். திருப்பிப் பார்த்தாள். விளக்குக்கு அடியில் கொண்டுபோய்த் தாடையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"மச்சம் எங்கே?"

என்ன மச்சம் என்று கேட்டேன். அவள் சொன்னது இது. எனக்கு 4 வயது இருக்கும்போது அவளுடைய பேனாவை எடுத்து அந்தத் தாடையில் குத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு எனக்கு அடி விழுந்ததாம், அதுவும் ஞாபகம் இல்லை. அப்புறம் என்ன ஆயிற்று என்றால், அவளுடைய தோழிகள் நாலு பேரிடமும் இதே பொம்மை. விளையாடி முடித்து அவரவர் பொம்மையை எடுக்கும்போது எது யாருடையது என்று தினமும் சண்டை. இவளுக்கு மட்டும் சண்டையே இல்லை. மச்சம் இருப்பது இவளுடையது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 7

ஜனவரி 11-ல் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "அதே முகத்தோடு எத்தனையோ பொம்மைகள் பெட்டிக்குள் போயிருக்கும்." ஆமாம், போயிருக்கும். அவற்றிலிருந்து இதை வேறாக்கிக் காட்டியது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் 21 நாள் உட்கார்ந்து களிம்பு போட்டு எடுத்திருக்கிறேன். ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. அவள் முடியைத்தான் சொன்னாள். முகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்தான் ஒரு கை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஏப்ரல் 8

கேள்வி கேட்டவர் "அப்போது என் கட்சி ஜெயித்ததா?" என்கிறார். பாதி. கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கிற, யாருடையதென்றே தெரியாத பொம்மைகள் வேறு. 2015-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சோனியா சிங் என்பவர் பழைய பிராட்ஸ் என்ற வகைப் பொம்மைகளின் கனத்த ஒப்பனையைத் துடைத்துவிட்டுச் சாதாரணச் சிறுமிகளின் முகமாக வரைந்த படங்கள் உலகம் சுற்றின. அவை தூக்கிப் போட்ட பொம்மைகள், அங்கே எதுவும் கெடவில்லை. ஆள் இருக்கும் பொம்மை என்றால் அழிப்பதற்கு முன் அந்த ஆளை உட்கார வைத்து, இதில் எது கறை, எது கறை இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாளை வைத்துக் கண்ணையும் உதட்டையும் நகல் எடுத்துக்கொண்டால் பழைய முகத்தையே திரும்ப வரையலாம். நான் படமும் எடுக்கவில்லை, மொட்டை அடித்த பிறகுதான் கேமராவைத் தேடினேன்.

வெட்டிய பழைய முடியை என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள்.

ஏப்ரல் 13

மச்சத்தை வரைந்து கொடுத்தேன். மிக மெல்லிய 10/0 பிரஷ், கருநீலத்தில் ஒரு பொட்டுப் பழுப்பு, மேலே சீலர். இடத்தை அவளே விரலால் காட்டினாள். "இங்கேதான்… இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே." பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சாயம் மேலே உட்கார்ந்திருக்கிறது, மை உள்ளேயிருந்து தெரியும், அந்த ஓரம் கலங்கிய நீலம் பிரஷ்ஷில் வராது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21

இந்தக் கேள்வி பதில் தொடரை மறந்தே போயிருந்தேன். இன்று அக்கா ஒரு படம் அனுப்பினாள். பொம்மையின் தாடை, நெருக்கத்தில். நான் வரைந்த மச்சம் அப்படியே இருக்கிறது. அதற்கு 2 மில்லிமீட்டர் மேலே, தோலுக்கு அடியில், ஓரம் கலங்கி, இன்னொரு நீலம்.

களிம்பு மேலே இருந்த மையைத்தான் வெளுத்திருக்கிறது. ஆழத்தில் இறங்கிய மை வினைலுக்குள் நகர்ந்துகொண்டே இருந்து, ஆறேழு மாதத்தில் ஊறி மேலே வந்துவிட்டது. அதனால் பிப்ரவரி 24-ல் "போயே போய்விட்டது" என்று எழுதியதை யாரும் நம்ப வேண்டாம், கறை திரும்பி வரலாம் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வரைந்ததை அழித்துத் தரட்டுமா, பஞ்சு முனையில் ஒரு துளி அசிட்டோன் போதும் என்று கேட்டேன்.

"நீ அதுல கையே வைக்காதே" என்று பதில் வந்திருக்கிறது.